சூரிய மலையில் ஓர் ஈர இரவு

 

நம் பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்குப் பிழைப்புத் தேடிச் செல்வது இன்று நேற்றுத் தொடங்கிய வழக்கமன்று. மகனோ மருமகனோ அங்கே குடும்பத்துடன் வாழ்வாரானால், பெற்றோரை ஒருமுறையேனும் அழைத்துப் பார்க்க விரும்புவார். அப்படிப் போகிறவர்களுக்குக் கடைவீதிகளையும் கண்ணாடி மாளிகைகளையும் காட்டி அனுப்புவார்கள். எனக்கும் என் இல்லாளுக்கும் அவற்றோடு இன்னொன்றையும் காட்டினார்கள். அதுதான் கூடாரத்தில் தங்கும் இரவு. நீங்களும் ஒருநாள் அப்படி அழைக்கப்படலாம். அப்போது வெட்கப்படாமல் வாய் திறந்து சொல்லவேண்டிய ஒரு செய்தி என்னிடம் இருக்கிறது. நான் அதைச் சொல்லாமல் இருந்து பட்ட பாட்டையே இங்கு எழுதுகிறேன்.

2018ஆம் ஆண்டின் குளிர்காலத்தை ஓமான் நாட்டின் தலைநகர் மஸ்கத்தில் மகள் வீட்டில் கழித்தோம். மருமகன் கட்டட நிறுவனமொன்றில் பொறியாளர். எட்டு வயதில் ஒரு பேரன், நான்கு வயதில் ஒரு பேத்தி. பேத்திக்குக் குளிர்ந்த காற்றுப் பட்டால் மூச்சு இழுக்கும். என் மனைவிக்கு நெடுநாளாக முழங்கால் வலி. இவ்விரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்நாட்டில் நவம்பர் முதல் மார்ச் வரை வெளியில் தங்குவதற்கு ஏற்ற காலம். கோடையில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த மக்கள், வெயில் தணிந்ததும் வியாழன் மாலை பிறந்தால் வண்டியில் பாய், கம்பளம், சட்டி, விறகு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டு விடுகிறார்கள். வெள்ளியும் சனியும் அவர்களுக்கு விடுமுறை. கடற்கரை, மணல்மேடு, மலையுச்சி என்று எங்கு பார்த்தாலும் குடும்பம் குடும்பமாகக் கூடாரங்கள். கூடாரத்தில் வளர்ந்த பரம்பரையல்லவா! ஆட்டு மயிரை நூற்று நெய்த கறுப்புக் கூடாரங்களில் பதூவியர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். அந்த நெசவு மழையில் நனைந்தால் நூல் உப்பி இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். காய்ந்தால் மீண்டும் காற்றை விடும். பயண நாளிலும் தங்கும் நாளிலும் சுமப்பதற்கு எளிய வீடுகளாகக் கால்நடைகளின் தோலை அமைத்துத் தந்ததை இறைவன் தன் அருட்கொடைகளில் ஒன்றாக ‘அந்நஹ்ல்’ அத்தியாயத்தின் 80ஆவது வசனத்தில் எடுத்துரைப்பதை நீங்கள் ஓதியிருப்பீர்கள். அதன் பொருள் எனக்கு நன்கு விளங்கியது அந்த மலையில்தான்.

நாங்கள் சென்ற இடத்தின் பெயர் ஜபல் ஷம்ஸ். ‘சூரிய மலை’ என்று பொருள். ஓமானிலேயே உயரமான மலை இதுதான். உச்சி ஏறத்தாழ 3000 மீட்டர். அந்த உச்சி படைத்துறையின் பொறுப்பில் இருப்பதால் பொதுமக்களுக்கு அங்கே அனுமதி இல்லை. அதற்குக் கீழே 2000 மீட்டர் அளவில் பரந்து கிடக்கும் பீடபூமியில்தான் மக்கள் தங்குகிறார்கள்.

மஸ்கத்திலிருந்து நிஸ்வா நகரம் சுமார் 160 கிலோமீட்டர். அகன்ற நெடுஞ்சாலை; இருபுறமும் ஒரு புல்லும் இல்லாத பழுப்பு மலைகள். நிஸ்வா பழைய தலைநகரம். பதினேழாம் நூற்றாண்டில் கட்டிய வட்டக் கோட்டை ஒன்று நகரின் நடுவே நிற்கிறது. ஊருக்குள் ஓடும் பலஜ் என்னும் வாய்க்காலில் பேரன் காலை நனைத்துக்கொண்டான். மலையடியிலிருந்து நீரைச் சரிவிலேயே கொண்டுவந்து பேரீச்சந் தோட்டங்களுக்குப் பங்கிடும் பழங்கால ஏற்பாடு இது. இத்தகைய ஐந்து வாய்க்கால்களை 2006ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களாக யுனெஸ்கோ அறிவித்தது. நிஸ்வாவின் பலஜ் தாரிஸ் அவற்றுள் ஒன்று. வெள்ளிக்கிழமை காலையில் அங்கே கூடும் ஆட்டுச் சந்தையையும் பார்த்தோம். வியாபாரி ஆட்டைப் பிடித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றிவர, வாங்குவோர் இருபுறமும் உட்கார்ந்து விலை கேட்கிறார்கள். எங்கள் ஊர் ஹஜ்ஜுப் பெருநாள் சந்தை என் கண்முன் வந்துபோயிற்று.

ஜும்ஆத் தொழுகையை அங்கேயே முடித்துக்கொண்டு அல்ஹம்ரா வழியாக மலை ஏறினோம். வளைந்து வளைந்து செல்லும் பாதை. நாங்கள் போனபோது அதில் ஒரு பகுதி சரளைக்கல் பாதையாகவே இருந்தது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி இல்லாமல் அங்கே துணிய வேண்டாம். ஒரு வளைவில், ‘மாப்பிள்ளை, கொஞ்சம் மெதுவாகப் போகலாமே’ என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பின்னிருக்கையிலிருந்து என் மகள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்த பார்வையில், ‘வாப்பா, பேசாமல் வாருங்கள்’ என்று இருந்தது. கடற்கரை ஊர்களில் பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குத் தரும் மரியாதையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதற்குமேல் நான் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் மாலை வரைக்கும் நீண்டதுதான் வினையாயிற்று.

மலைமேல் ஏறிய கணத்தில் அலுப்பெல்லாம் பறந்துவிட்டது. பீடபூமியின் விளிம்பில் நிலம் திடீரென்று அறுந்து, ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஆழத்துக்குப் பள்ளத்தாக்காக இறங்குகிறது. ‘சுப்ஹானல்லாஹ்!’ என்ற சொல்லைத் தவிர என் மனைவியின் வாயில் வேறு சொல் வரவில்லை. பேரனின் கையை நான் விடவே இல்லை. பல இடங்களில் விளிம்பில் தடுப்பு எதுவும் கிடையாது. மலைவாசிகள் ஆட்டு மயிரில் நெய்த சிவப்பும் கறுப்புமான கம்பளங்களைப் பாறைமேல் விரித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். மனைவி ஒன்றை வாங்கினார். விலை சற்று மிகுதிதான். ஆனால் அன்றிரவு எங்களுக்கு ஓரளவேனும் துணைநின்ற பொருள் அதுவே.

விளிம்பிலிருந்து நெடுந்தூரம் உள்ளே தள்ளி, சற்றே சரிந்த ஓரிடத்தில் கூடாரம் அடித்தார் மருமகன். ஆறு பேர் படுக்கக்கூடிய குடும்பக் கூடாரம்; அடித்துணி மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர். அந்த மலை சுண்ணாம்புப் பாறை. காற்றும் மழையும் அரித்து அரித்து, கல்லின் முனைகள் கத்திபோல் இருக்கின்றன. முளை இறங்காது; கயிறுகளைப் பெருங்கற்களில்தான் கட்ட வேண்டும். அடித்துணியைக் கல் கிழித்துவிடக் கூடாதென்று மருமகன் முன்யோசனையாக ரூவி கடைத்தெருவில் ஒரு தார்ப்பாய் வாங்கி வந்திருந்தார். நல்ல கனமான நீலத் தார்ப்பாய். நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர். ‘பெரிதாக இருந்தால் நல்லதுதானே மாமா? வாசலில் செருப்பு விடவும் இடம் இருக்கும்’ என்று சொல்லி அதை விரித்து, நடுவில் கூடாரத்தை நிறுத்தினார். நான்கு புறமும் அரை மீட்டர் தார்ப்பாய் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

வாசகர்களே, நான் முப்பத்தைந்து ஆண்டுகள் அரிசி மண்டி நடத்தியவன். மூட்டைக்குக் கேடு மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்து வருவதே அதிகம் என்பதை என் வாப்பாவிடம் அடி வாங்கிக் கற்றவன். கிடங்கில் தரைமேல் நேராக அட்டி போட மாட்டோம்; மரச்சட்டம் பரப்பி அதன்மேல்தான் மூட்டை ஏறும். வெட்டவெளியில் ஓரிரவு அடுக்க நேர்ந்தால் கீழே தார்ப்பாய் விரிப்போம். ஆனால் அதன் ஓரம் மூட்டைக்கு வெளியே ஒரு சாண்கூட நீட்டிக்கொண்டு இருக்கலாகாது. நீட்டியிருந்தால், மேலே மூடிய தார்ப்பாயில் வழியும் மழைநீர் கீழ்த் தார்ப்பாயின் ஓரத்தில் விழும். மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் மூட்டைகளுக்கு அடியிலேயே ஓடும். பாதுகாப்புக்கு விரித்த தார்ப்பாய் தண்ணீரை ஏந்தும் தாம்பாளமாகிவிடும். விடிந்து பார்த்தால் அடி வரிசை மூட்டைகள் நனைந்து ஊறியிருக்கும்!

இவ்வளவும் தெரிந்த நான், அந்த நீல ஓரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வானம் அப்போது தெளிவாக இருந்தது. மலை ஏறும்போதுதான் ஒரு சொல் சொல்லி மகளின் பார்வையை வாங்கிக் கட்டிக்கொண்டேன். இரண்டாவது சொல் வேண்டாமென்று இருந்துவிட்டேன். பாரும், மனிதனின் கௌரவம் எத்தனை சிறிய இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது!

மக்ரிபையும் இஷாவையும் சேர்த்து ஜம்உ கஸ்ராகத் தொழுதுவிட்டு, அடுப்பில் சுட்ட கோழியும் குப்ஸ் ரொட்டியும் சாப்பிட்டோம். நட்சத்திரங்களை அத்தனை நெருக்கத்தில் நான் கண்டதில்லை. குளிர் எலும்பைத் தொட்டது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் அங்கே சில வேளை பூஜ்யத்துக்கு அருகிலும் வெப்பம் இறங்கும் என்றார் மருமகன். பிள்ளைகளைக் காற்று மெத்தையில் படுக்கவைத்து, நாங்கள் புதுக் கம்பளத்தின்மேல் படுத்தோம்.

பதினொரு மணிக்குமேல் மேல்துணியில் ‘டப் டப்’ என்று ஓசை கேட்டது. அந்நாட்டில் மழை என்பது ஆண்டுக்குச் சில நாட்கள். அது பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் வரும். பெருமழையில்லை, நிதானமாக, விடாமல் பெய்தது. கூரை ஒரு துளிகூட ஒழுகவில்லை. ‘நல்ல கூடாரம்’ என்று மருமகன் திருப்தியோடு சொன்னது காதில் விழுந்தது. நானும் கண்ணயர்ந்துவிட்டேன்.

இரண்டு மணியளவில் மனைவி என்னை எழுப்பினார். தஹஜ்ஜுத் தொழ எழுந்தவர், ‘இங்கே பாருங்கள், முசல்லா நனைந்திருக்கிறது’ என்று டார்ச் விளக்கை அடித்துக் காட்டினார். முழங்கால்கள் பட்ட இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு வட்டங்கள். நெற்றி பட்ட இடத்தில் இன்னொன்று. மற்ற இடமெல்லாம் காய்ந்துதான் இருந்தது! நான் அடித்துணியைக் கையால் அழுத்தினேன். கீழே தண்ணீர்ப் படுக்கையைத் தொட்டதுபோல் தளதளவென்று அசைந்தது. அதற்குள் பேத்தியின் போர்வை மெத்தையிலிருந்து நழுவித் தரையில் கிடந்து ஒரு பக்கம் முழுவதும் ஊறிப் போயிருந்தது. குழந்தை அந்த ஈரத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுருண்டு கிடந்தாள். இருமல் தொடங்கியது. இருமல் இழுப்பாயிற்று.

மகள் மருந்துக் குழலை எடுத்து அவள் வாயில் வைத்து அமுக்கினாள். ‘தீக்கங்கை ஒரு தட்டில் உள்ளே கொண்டுவரட்டுமா?’ என்று பதற்றத்தில் கேட்டாள். மருமகன் உறுதியாக மறுத்தார். மூடிய கூடாரத்துக்குள் கரியோ கேஸ் அடுப்போ எரிந்தால் வெளிவரும் கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் ஆளைக் கொல்லும். குளிருக்குப் பயந்து நெருப்பை உள்ளே வைத்தவர்கள் உறக்கத்திலேயே மாண்ட செய்திகள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வருவதுண்டு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு ஓடினோம். காய்ந்த துணி மாற்றி, வண்டியின் வெப்பக் காற்றைச் சற்று நேரம் விட்டு, என் மனைவி தன் மடியில் வைத்து ஓதி ஊதிக்கொண்டிருந்தார். இருள், மழை, கீழே சரளைப் பாதை. நிஸ்வா மருத்துவமனைக்குப் போவதென்றால் அந்தப் பாதையில் இறங்கியாக வேண்டும். மருமகன் வண்டித் திறவுகோலைக் கையிலேயே வைத்துக்கொண்டு குழந்தையின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு மணி நேரத்தில் நான் கேட்ட பாவமன்னிப்பு கொஞ்சமல்ல. மூன்றரை மணிவாக்கில் மூச்சு சீரானது. அல்ஹம்து லில்லாஹ்! குழந்தை உறங்கினாள்.

சுப்ஹு தொழுகைக்குப் பின் வெளிச்சம் வந்தது. மருமகன் கூடாரத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். தார்ப்பாய்க்கும் அடித்துணிக்கும் நடுவே, சரிவின் தாழ்ந்த பக்கத்தில், இரண்டு விரற்கடை ஆழத்துக்குத் தெளிந்த தண்ணீர் நின்றது. பொறியாளரல்லவா, ஒரு நொடியில் விளங்கிக்கொண்டார். நீட்டியிருந்த ஓரத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

‘மாமா, இது நேற்றே உங்களுக்குத் தெரியுமா?’

‘தெரியும் மாப்பிள்ளை.’

‘சொல்லியிருக்கலாமே, மாமா.’

அவ்வளவுதான் கேட்டார். கோபத்தில் கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பின்னர் நாங்கள் இருவரும் அந்தக் கூடாரத்தைப் பிரித்துப்போட்டுக் கற்றவற்றை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, கீழே விரிக்கும் பாய் கூடாரத்தின் அடித்துணியைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு புறமும் நான்கு விரலோ ஒரு கைப்பிடியோ உள்ளடங்கி இருப்பது நலம். பெரிய பாய்தான் இருக்கிறதென்றால் வெட்ட வேண்டியதில்லை. ஓரத்தை உட்புறமாக, அதாவது தரையைப் பார்த்த பக்கம் மடித்துவிட வேண்டும். மேல்பக்கமாக மடித்தால் அந்த மடிப்பே வாய்க்காலாகிவிடும். கூடாரம் நின்றபின் நான்கு மூலைகளையும் சுற்றிவந்து, ஏதேனும் நிறம் வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது தவறு. செருப்பு விட வேறொரு சிறு பாயைத் தனியே போடலாம்.

இரண்டாவது, அந்த முழங்கால் வட்டங்களின் மர்மம். அடித்துணி கிழியாமல் இருந்தும் ஏன் நனைந்தது? மருமகன் பாறைமேல் உட்கார்ந்து கரித்துண்டால் கணக்குப் போட்டுக் காட்டினார். துணியின்மேல் நீரை ஒரு குழாயில் நிறுத்தி, எத்தனை மில்லிமீட்டர் உயரம் வரை துளி கசியாமல் தாங்குகிறதென்று பார்த்து அந்த அளவைக் கூடாரத்தில் எழுதுகிறார்கள். எங்கள் அடித்துணிக்கு 3000 மில்லிமீட்டர். பத்து மீட்டர் உயர நீர், சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். ஆகவே 3000 மில்லிமீட்டர் என்பது 300 கிராம். ஸஜ்தாவில் இருப்பவரின் ஒரு முழங்கால்மேல் பன்னிரண்டு கிலோ இறங்குவதாகவும், அது முப்பது சதுர சென்டிமீட்டரில் படுவதாகவும் வைத்துக்கொண்டால், சதுர சென்டிமீட்டருக்கு 400 கிராம். துணியின் எல்லை கடந்துவிட்டது! படுத்திருப்பவரின் எடை உடல் முழுவதும் பரவுவதால் அவருக்குக் கீழே கசிவதில்லை. மண்டியிடுபவர், முழங்கை ஊன்றி எழுபவர், ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பவர் ஆகியோருக்குக் கீழேதான் நீர் மேலேறும். நம்மவர்கள் கூடாரத்துக்குள் தொழுவார்கள். பிள்ளைகள் மண்டியிட்டு விளையாடுவார்கள். எனவே அடித்துணிக்குக் கீழே நீர் தேங்காமல் பார்த்துக்கொள்வதும், மேலே கம்பளமோ தடித்த ஃபோம் பாயோ போட்டு அழுத்தத்தைப் பரப்புவதும் பிறரைவிட நமக்கு அவசியம். கம்பளத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. உடலின் சூட்டைக் குளிர்ந்த தரை உறிஞ்சிக்கொள்ளும். போர்வை எத்தனை போட்டாலும் கீழே இழக்கும் சூட்டுக்கு அது ஈடாகாது. காற்று மெத்தையை மட்டும் நம்பினால் அதற்குள்ளிருக்கும் காற்றும் குளிர்ந்து முதுகைச் சில்லிட வைக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். காலையில் அடித்துணி ஈரமாக இருந்தால் உடனே கசிவென்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். ஆறு பேர் இரவெல்லாம் விடும் மூச்சின் ஈரம் குளிர்ந்த துணியில் வியர்வையாகப் படியும். மெத்தைக்கு அடியிலும் சுவரின் உட்புறத்திலும் மெல்லிய பனிபோல் இருந்தால் அது மூச்சின் ஈரம். காற்றுத் துளைகளைத் திறந்துவைத்தால் குறையும். ஒரு பக்கத்தில் தேங்கி, கையால் அழுத்தினால் ஊறி வருமானால் அதுதான் கசிவு.

பாய் விரிப்பதற்குமுன் இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள். காலால் தள்ளினால் போதாது. மலையடிவாரத்திலும் வாதிகளின் கரையிலும் வளரும் சமுர் என்னும் வேல மரத்தின் முள், விரல் நீளத்துக்கு வெள்ளையாக நிற்கும். தார்ப்பாயையும் அடித்துணியையும் காற்று மெத்தையையும் ஒரே குத்தில் துளைக்கும். நிழலுக்கு ஆசைப்பட்டு அதனடியில் கூடாரம் அடிப்பவர்கள் இரவில் மெத்தை இளைத்துத் தரையில் கிடப்பார்கள். வாதி என்ற சொல் வந்ததால் இதையும் சொல்ல வேண்டும்: நீரோடிய பள்ளத்தின் மணல் சமமாகவும் மெத்தென்றும் இருப்பதைப் பார்த்து அங்கே ஒருபோதும் தங்கக் கூடாது. தொலைவில் மலைமேல் பெய்த மழை, தெளிந்த வானத்தின் கீழேயே வெள்ளமாக வந்து சேரும். எந்தத் தார்ப்பாயும் அதற்கு உதவாது.

மணற்பாலைவனத்தில் கல் இல்லை, முள்ளும் குறைவு. அங்கே கீழ்ப்பாய் பெரும்பாலும் பனியின் ஈரத்துக்கும் துப்புரவுக்குமே. காலையில் பாயைச் சுருட்டும்போது அடியில் தேள் ஒதுங்கியிருக்கக்கூடும். வெறுங்கையால் தூக்காமல் ஓரத்தைப் பிடித்து உதறுங்கள். செருப்பையும் அப்படியே. கடற்கரையில் உப்பும் நண்டுமே தொல்லை. ஆமைகள் முட்டையிட வரும் ராஸல் ஜின்ஸ் போன்ற கரைகளில் கூடாரம் அடிக்கத் தடை உண்டு; அதை மதிப்பது நம் கடமை.

பிரித்துப் பார்த்தபோது எங்கள் அடித்துணியில் இரண்டு சிறு துளைகளும் இருந்தன. தார்ப்பாயையும் தாண்டி வந்த கல்லின் வேலை. வீட்டுக்கு வந்தபின் மொட்டை மாடியில் கூடாரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டோம். சகதியை வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் கொண்டு பஞ்சால் துடைத்தோம். துணி துவைக்கும் தூளோ சலவை இயந்திரமோ ஆகாது. நீர் புகாத பூச்சு உரிந்துவிடும். துளையைச் சுற்றி ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, ஒட்டுத் துணியின் மூலைகளை வட்டமாக வெட்டி உள்ளும் புறமும் ஒட்டினோம். கூரான மூலை என்றால் அங்கிருந்தே பெயரத் தொடங்கும். தையல்களின்மேல் அதற்கென்று விற்கும் பசையைத் தடவினோம். நிழலில் இரண்டு நாள் உலர்ந்தபின்பே மடித்தோம். ஈரத்தோடு மடித்துவைத்தால் உட்புறப் பூச்சு பிசுபிசுத்து, புளித்த வாடை அடித்து, அடுத்த ஆண்டு தோல்போல் உரிந்து வரும். அதற்குப்பின் எந்த ஒட்டும் பயனில்லை. கோடையில் வண்டியின் பின்பெட்டியிலேயே போட்டுவைப்பதும் அதே கேட்டைத்தான் தரும்.

இந்த வேலைகளை மருமகனும் நானும் சேர்ந்தே செய்தோம். மண்டிக் கதைகளை அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். மகள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்களை விசித்திரமாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

நாங்கள் ஊர் திரும்புவதற்கு முன், பிப்ரவரியில் மீண்டும் சூரிய மலைக்குப் போவோம் என்று பிடிவாதமாக நின்றவர் என் மனைவி. பேத்திக்கு இரண்டு கம்பளிச் சட்டை, மருந்துக் குழல், தனியாக ஒரு காய்ந்த போர்வைப் பொதி எல்லாவற்றையும் அவரே எடுத்துவைத்தார். அதே இடம், அதே நீலத் தார்ப்பாய். கூடாரத்தை நிறுத்தியதும் மருமகன் கையைத் தட்டிக்கொண்டு, ‘மாமா, வந்து பாருங்கள்’ என்று கூப்பிட்டார். நான் ஒரு சுற்று வந்தேன். கிழக்கு மூலையில் மூன்று விரல் அகலம் நீலம் தெரிந்தது. சுட்டிக் காட்டினேன். அவர் குனிந்து மடித்துவிட்டார்.

அன்றிரவும் தூறல் இருந்தது. சுப்ஹுக்குப் பின் மனைவி எழுந்து சென்றதும், நான் அவருடைய முசல்லாவைத் தடவிப் பார்த்தேன். முழங்கால் பட்ட இடம் காய்ந்து, அவர் உடலின் சூட்டோடு இருந்தது. வெளியே பேத்தியின் கூச்சல் கேட்டது. மலை ஆடு ஒன்று எங்கள் ரொட்டிப் பொட்டலத்தைக் கவ்விக்கொண்டு ஓட, அவள் அதன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.